நடுக்கதவுக்கு ஒரு பூட்டு

பூட்டுக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. வெளியே கிளம்பினால் கடையைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போவார், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். இத்தனைக்கும் அந்தப் பூட்டைச் செய்தவரே அவர்தான். கல்யாணம் பேச வந்த அன்றைக்கு, தன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வாசல் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்த மனுஷர் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவளுக்குச் சிரித்தால்கூட வலிக்கிறது. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகமோ, 'தற்போதைக்கு அவசியமில்லை' என்று கையை விரித்துவிட்டது. கீழே கடை, மேலே வீடு. பாவம், அவள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே ஏறுகிறாள்.

அப்படிக் கைவிரித்தால் கேட்பதற்கென்று ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மனைவி பிடிவாதம் பிடித்ததால் அவரிடம் நேரில் போய்ப் புகார் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். குறைதீர்ப்பாளரின் அறையும் காப்பீட்டு அலுவலகமும் ஒரே மாடியில் இருந்தன. நடுவில் ஒரே ஒரு கதவு, அதுவும் திறந்தே கிடந்தது. இந்தப் பக்கத்து டீ அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்துச் சிரிப்பு இந்தப் பக்கம் வந்தது.

"புருஷனைப் பத்தி மாமியார்கிட்டயே புகார் சொல்லிட்டு வந்திருக்கோம்" என்றார்.

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிங்க" என்றாள் அவள்.

கொஞ்ச நாளில் சட்டம் மாறியது. இனிமேல் குறைதீர்ப்பாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லையாம். தனிப் பணம், தனி ஆட்கள், தனி வாசல். புதிதாக ஒரு அம்மாள் அந்த வேலைக்கு வந்தார். 'ஆமா, பலகையை மாத்தினா போதுமா?' என்று பூட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதே, நடுக்கதவுக்குப் புதுப் பூட்டு போட அவரையே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"சாவி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் உதவியாளருக்கு. மூணாவது சாவி இருக்கவே கூடாது" என்றார் அந்த அம்மாள்.

பூட்டுக்காரர் தலையாட்டினார். இதெல்லாம் கண்துடைப்பு என்றுதான் நினைத்தார். கதவை அளந்துகொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து காப்பீட்டு அலுவலக மேலாளர் வந்து, தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணே, எனக்கும் ஒரு சாவி போட்டுக் குடுங்க. நாளைக்குத் தீ கீ பிடிச்சா என்ன பண்றது?"

"அம்மா ரெண்டுதான்னு சொன்னாங்களே."

"அம்மாகிட்ட எதுக்குச் சொல்லணும்? உங்க வீட்டுல இடுப்பு வலின்னு புகார் குடுத்திருக்காங்கல்ல? நாம ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கலாமே."

பூட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் புகாரைக் குறைதீர்ப்பாளரின் அறையைத் தவிர வேறெங்கும் அவர்கள் கொடுக்கவில்லை. அப்படியானால் நடுக்கதவு வழியாக டீ மட்டும் போகவில்லை. இந்தப் புது அம்மாளும் கூட்டாளியோ? இல்லை, பழைய ஆள் இருந்தபோதே போய்விட்டதோ? ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் கடைப் பட்டறையில் இரண்டு சாவிகளை முடித்துவிட்டு, மூன்றாவதை இடுக்கியில் பூட்டி அரம் போட ஆரம்பித்தார். கை தானாக வேலை செய்தது. இந்த ஒரு சாவியைக் கொடுத்தால் அவள் படியேறிவிடுவாள். யார் குடி கெடப்போகிறது? ஊரில் எவன்தான் யோக்கியம்?

அவள் கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டுன்னுதானே சொன்னீங்க?"

அவரால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒழுங்கா போட்ட பூட்டையே ரெண்டு தடவை இழுத்துப் பாக்குற மனுஷன் நீங்க. இதைக் குடுத்துட்டு வந்தா ராத்திரி தூங்குவீங்களா? நீங்க புரண்டு புரண்டு படுத்தா என் இடுப்புக்குத்தான் வலிக்கும்" என்றாள்.

அவர் அரத்தைத் திருப்பிப் பிடித்து, வெட்டின பல்லையெல்லாம் மழுங்க ராவித் தள்ளினார்.

பூட்டைப் பொருத்தியதும் அந்த அம்மாளிடம் போய் மேலாளர் கேட்டதையும் சொன்னதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அம்மாள் மழுப்புவார், 'நான் பார்த்துக்கறேன்' என்பார், அப்போது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார். அம்மாளின் முகம் சிவந்தது. உதவியாளரைக் கூப்பிட்டு, பூட்டுக்காரர் சொன்னதை வாக்குமூலமாக எழுதச் சொன்னார். அவர் கையெழுத்துப் போட்டதும் பேனாவை மூடிவிட்டு அம்மாள் சொன்னார்:

"இனிமே உங்க மனைவியோட புகாரை நான் விசாரிக்க முடியாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"நீங்க இப்ப என் சாட்சி. வேற மாவட்டத்துக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பணும். அங்க முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. தாமதமாகும்."

"அடப்பாவமே! உள்ளதைச் சொன்னதுக்கு இதுதான் பலனா? அவ படியில உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுறா, தெரியுமா உங்களுக்கு?" என்று அவர் கத்தியது நடுக்கதவைத் தாண்டியும் கேட்டிருக்கும்.

அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "அவசரம்னு எழுதி இன்னிக்கே அனுப்புறேன். அதுக்கு மேல என்னால முடியாது. நான் உங்களுக்குச் சாதகமா சொன்னா, பூட்டுக்காரருக்குக் கைம்மாறுன்னு காப்பீட்டு அலுவலகத்துல சொல்லுவாங்க. அதை வெச்சே என் உத்தரவை ரத்தும் பண்ணிடுவாங்க. முடியாதுன்னு நான் சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க?"

விலைபோய்விட்டாள் என்று நினைத்திருப்பார். அது அவருக்கே தெரியும். பைக்குள் அரத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

கடை வாசலில் மனைவி காத்திருந்தாள். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வாடியது.

"எவ்வளவு நாளாகுமாம்?"

"தெரியலைன்னுட்டாங்க."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மாவும் நம்மள ஏமாத்துறாங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆயுசு முழுக்க அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. வாயைத் திறந்தார். அது வரவில்லை.

"இல்லை" என்றார். "அதான் எனக்கு ஆத்திரமே."

பிறகு கடையைப் பூட்டிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து முதல் படியில் உட்கார வைத்தார்.