அக்கறையை எந்தத் தராசில் நிறுப்பது?

1. ஏறாத எடை

இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் குடும்பநல மருத்துவமாதாக வேலை பார்த்த காலம். ஒரு கிளினிக் நாளில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நிறுத்தபோது, தோட்டத்தின் மேல் டிவிசனைச் சேர்ந்த ஐந்து பேருக்கு இரண்டு மாதமாக எடை ஏறவில்லை என்று தெரிந்தது. அதில் ஒருவன் சகாயமேரியின் மகன். எல்லார் முன்னிலையிலும் அவளிடம், "பெத்தா மட்டும் போதுமா, பாத்துக்க வேணாமா?" என்று கேட்டேன். அவள் பிள்ளைக்குச் சட்டையை மாட்டினாள்.

அன்றே அறிக்கையில் எழுதினேன்: 'தாயின் அக்கறை குறைந்தால் பிள்ளையின் வளர்ச்சி குறையும்.' நல்ல வாக்கியம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டொக்டர், பதுளை டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். அறிக்கையைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது ப்ரொபொசிஷன், மிஸ். வெறும் கூற்று. ரெண்டு விஷயத்துக்குத் தொடர்பு இருக்குன்னு சொல்லுது. உண்மையாவும் இருக்கலாம். ஆனா அக்கறைய எந்தத் தராசுல நிறுப்பீங்க?"

"பாத்தாலே தெரியும் டொக்டர்."

"எனக்கு ஹைபோதெசிஸ் வேணும், கருதுகோள். எண்ணிப் பாக்கக்கூடிய மாதிரி எழுதுங்க. எது நடந்தா நீங்க சொன்னது பிழைன்னு ஒத்துக்குவீங்க? அதுவும் அதுல தெரியணும்."

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எது நடந்திருந்தாலும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

2. பத்து நிமிடத்தில் விழுந்தது

அக்கறைக்குப் பதிலாக எண்ணக்கூடிய ஒன்றைத் தேடி, 'கிளினிக்குக்கு ஒழுங்காக வராத தாய்மாரின் பிள்ளைகளுக்கே எடை ஏறுவதில்லை' என்று எழுதினேன். ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த ஐந்து பேரும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. என் முதல் கருதுகோள் பத்து நிமிடத்தில் விழுந்தது.

மறுநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் சகாயமேரியிடம் வேலை எங்கே என்று விசாரித்தேன்.

"புது மலையில மிஸ்ஸி, உச்சியில. பகலைக்கு எறங்கி வந்தா திரும்பி ஏற நேரம் பத்தாது. காலையில புள்ளக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டா, வேலை முடிஞ்சு வந்துதான் பாலு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு நீங்க கேட்டது வேற மிஸ்ஸி."

மற்ற நான்கு தாய்மாருக்கும் அதே மலையில்தான் வேலை. இரண்டாவது கருதுகோளை எழுதினேன்: 'பகலில் தாய் வந்து பால் கொடுத்தால் இரண்டு மாதத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு எடை ஏறும்; ஏறாவிட்டால் நான் சொன்னது பிழை.' டொக்டர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசி, ஐந்து பெண்களையும், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து மலையில் வேலைக்குப் போடவைத்தார். பகலில் யார் வந்தார்கள் என்று ஆயா தினமும் ஒரு கொப்பியில் குறித்தாள்.

3. மிஞ்சியவன்

இரண்டு மாதத்தில் நான்கு பேருக்கு எடை ஏறியது. சகாயமேரியின் மகனுக்கு ஏறவில்லை. இவள் பால் கொடுக்கப் போயிருக்க மாட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொப்பியைப் பார்த்தேன். அவள் வேலைக்குப் போன ஒரு நாள்கூட விடுபடவில்லை.

'இந்தப் பிள்ளைக்கு என் கருதுகோள் பொருந்தவில்லை' என்று எழுதி அனுப்பினேன். டொக்டர் நேரே வந்து பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சத்தம் ஒண்ணு கேக்குது. பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

நான் சகாயமேரியிடம் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க மிஸ்ஸி. பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள்.

இதயத்தில் ஓட்டை இருந்தது. கொழும்பில் ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. கூற்று எழுதுவது தப்பில்லை. யோசனை அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால் எது நடந்தால் அது பிழை என்று தெரியும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது கருதுகோள். என் முதல் வாக்கியத்துடனேயே நான் நின்றிருந்தால், அந்தப் பிள்ளை அக்கறையில்லாத தாயின் பிள்ளையாகவே பதிவேட்டில் இருந்திருப்பான், உயிரோடு இருக்கும் கொஞ்ச நாளைக்கு.