கன்னிவாடிச் சம்பந்தியும் என் மூச்சு மிசினும்

டொராண்டோவில் தினமும் நடக்கிற காரியம் இது. பல் துலக்கி, ஜெபம் சொல்லி, கடைசியாக மூக்கில் ஒரு முகமூடியை மாட்டி, பட்டையைப் பின்மண்டையில் இறுக்கி, ஸ்விட்ச்சைப் போட்டால்தான் எனக்குத் தூக்கம். படுத்தால் என் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு விட்டுவிட்டு வருகிறது. சிபாப் என்கிற சின்னப் பெட்டி குழாய் வழியாகக் காற்றை ஊதி அந்த வழியைத் திறந்தே வைக்கிறது. தூங்குவதற்கும் கரண்டு தேவைப்படும் ஆளாகிவிட்டேன். இதைக் கண்டுபிடித்த க்ளினிக்கில் ஒரு வெள்ளைக்காரப் பெண், "எனி விட்னெஸ்?" என்று கேட்டாள். விட்னெஸ் என்றால் சாட்சி; இங்கே ஒரு சபைக்காரர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. வீடு வீடாக வந்து புத்தகம் கொடுப்பார்கள். "நோ, நோ, ஐ ஆம் கத்தோலிக்" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்தவர்கள் யாராவது பார்த்ததுண்டா என்பதுதான் கேள்வியாம். என் கணவருக்கு இரவு ஷிப்ட். பார்த்தவர் யாருமில்லை.

அண்ணன் மகள் மெர்சிக்கு வேடசந்தூரில் கல்யாணம் வைத்தபோது தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. அண்ணன் சூசை, மில்லுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் வைத்திருப்பவர். போனில் சொன்னார்: "கரண்டு எப்பப் போகும், எப்ப வரும்னு எங்களுக்கே தெரியல பாப்பா. மிசின அங்கனயே வச்சிட்டு வா. வந்து சும்மா தூங்கு." சும்மா தூங்கினால் மறுநாள் எனக்கு நின்ற இடத்தில் கண் சொருகும். ஒருமுறை காரை ஓட்டும்போதே சொருகி, சாலையோரப் பனிக்குவியலில் மோதித்தான் விழித்தேன். அதனால் கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். அடாப்டரில் நம் ஊர் வோல்ட்டுக்கும் தாங்கும் என்று எழுதியிருந்தது. நம் ப்ளக்குக்கு ஏற்ற பின் ஒன்றும், வண்டி பேட்டரியில் கவ்வ வைக்கிற ஒயர் ஒன்றும் வாங்கி, மிசினோடு கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

போய் இறங்கிய மறுநாள் மதியம் அசதியில் மிசினை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். கண் விழித்தால் அண்ணன் மனைவி பிலோமினா மதினி கட்டிலருகே அழுதுகொண்டு நிற்கிறார். "ஆசுபத்திரில சாகக் கெடக்குறவுகளுக்கு வைக்கிறத மூஞ்சில வச்சிருக்கியே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா?" விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். அதற்குள் சேதி தெருவைத் தாண்டிவிட்டது. இரண்டே நாளில் மாப்பிள்ளையின் அம்மா கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார். அண்ணன் என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய், "சளிக்கு ஆவி பிடிக்கிற மிசின்னு சொல்லிருவோம்" என்றார். மெர்சி சுவரோரம் முகம் வெளுத்து நின்றாள். "பொய் சொல்லிக் கட்டிக்குடுத்தா நாளைக்கு இவதாண்ணே பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு மிசினைக் கூடத்துக்குத் தூக்கி வந்தேன்.

"தப்பா நெனைக்காதீக மதினி" என்றார் அந்த அம்மா. "இது ஓடலேன்னா உங்க உசிரு போயிரும்னு பேசிக்கிறாக. நாளைக்குப் பொண்ணுக்கும் வந்துருமோன்னு..."

"சில குடும்பத்துல தொடர்ந்து வரும்ங்கிறாங்க. வராமலும் போகும். வந்தா மிசின் இருக்கு. மறைக்க இதுல என்ன இருக்கு?" என்று சொல்லி முகமூடியை மாட்டி ஸ்விட்ச்சைப் போட்டேன். காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே ஃபேன் தளர்ந்து நின்றது. மிசினும் நின்றது. பிலோமினா மதினி சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். நான் முகமூடியைக் கழற்றினேன். "கரண்டு போயிருச்சு. மிசினும் நின்னுபோச்சு. நான் பேசிக்கிட்டுத்தான இருக்கேன்? தூக்கத்துக்கு மட்டுந்தான் மதினி இது."

முதலில் மெர்சி சிரித்தாள், பிறகு எல்லோரும். அண்ணன் தாமாகவே வேனின் பழைய பேட்டரியைத் தூக்கி வந்தார். ஒயரைக் கவ்வ வைத்ததும் மிசின் மறுபடி ஊதியது. அந்த அம்மா குழாயின் முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் கொறட்ட விடுவாக" என்றார் மெதுவாக. "திடீர்னு செத்த நேரம் சத்தமே இருக்காது. பயந்துபோயி உலுக்குவேன். அப்பறந்தான் மூச்ச இழுப்பாக. கல்யாணம் ஆன நாளா நான் முழுசாத் தூங்குனதில்ல மதினி. யார்ட்ட போயி இதச் சொல்ல?"

பெண்ணுக்கும் வந்துவிடுமோ என்கிற பேச்சை அத்தோடு விட்டோம். மதுரையில் எப்படிப்பட்ட டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினேன். குறித்த நாளில் கோயிலில் மணியடித்து மெர்சியின் கல்யாணம் நடந்தது. நான் பேட்டரி தயவில் நன்றாகத் தூங்கி, பந்தி முழுக்க ஓடியாடிப் பரிமாறினேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் எனக்கு இருப்பதுதான் என்று சில மாதங்களில் தெரிந்தது. அவரும் மிசின் வாங்கி, வீட்டில் இன்வெர்ட்டர் வைத்துவிட்டார். இப்போதெல்லாம் அந்த மதினி கன்னிவாடியில் பொழுது விடிந்ததும் எனக்குப் போன் செய்கிறார். எனக்கு அது படுக்கப்போகும் நேரம். "நல்லாத் தூங்கி இப்பத்தான் எந்திரிச்சாக. நானுந்தான்" என்பார். அங்கே அவர் வீட்டுக்காரர் முகமூடியைக் கழற்றி வைக்கும் சத்தம் போனில் கேட்கிறது. நான் என்னுடையதை எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.