அச்சொட்டான ஊசி

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் மோட்டர் சைக்கிளோடு கீரிமலையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை போய்விடும். பெரிய டொக்டர் இதை எங்கள் சுகாதாரக் கந்தோர் வாசலில் வைத்து, காரில் ஏறப்போகிற அவசரத்தில் சொன்னார்.

"கீரிமலையிலை துவங்கி உரும்பிராய் வரைக்கும் மூண்டு இடத்திலை குத்தி முடிக்க வேணும். நான் காரிலை முன்னுக்குப் போவன், நீர் பின்னாலை வாரும். இந்த முறையும் உம்மடை வாகனம் வழியிலை படுத்துதெண்டால், வேறை ஆள் ஆயத்தமாய் இருக்கு."

நான் அம்மை நோய் வராமல் சனங்களின் கையில் அம்மைப்பால் குத்துகிறவன். ஊர் ஊராகப் போக வேண்டிய உத்தியோகம். என் இடது கால் சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போனது. சைக்கிள் மிதிக்க முடியாது. அரை மைல் நடந்தால் அடுத்த நாள் பாயோடுதான். ஆனால் அந்தப் பழைய இங்கிலீசு மோட்டர் சைக்கிளுக்குக் கியரைக் கையால் மாற்றலாம். ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே இருந்தபடியே வலது காலால் உதைத்துக் கிளப்பிவிடலாம். அதில் ஏறினால் நானும் நாலு பேரைப் போல ஒரு மனிதன். அது இருந்தபடியால்தான் வேலை தந்தார்கள். அதுவும் ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லித்தான்.

வாகனத்தின் நோய் ஓர் ஊசியில் இருந்தது. எஞ்சினுக்குப் போகிற பெற்றோல் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்து நிறையும். நிறைந்ததும் உள்ளே ஒரு மிதவை எழும்ப, அதோடு சேர்ந்த பித்தளை ஊசி துளையை அடைக்கும். அந்த ஊசி தேய்ந்துவிட்டது. துளை அடைபடாமல் பெற்றோல் சொட்டுச் சொட்டாய் நிலத்தில் வடிந்தது. யுத்தக் காலம், பெற்றோல் கூப்பனுக்கு அளந்துதான் கிடைக்கும். இரண்டு முறை பாதி வழியில் பெற்றோல் தாங்கி வற்றி, வெயிலில் மாட்டு வண்டிக்குக் காத்து நின்றேன். பட்டணத்துக் கடைக்காரனிடம் புது ஊசி கேட்டால், "கப்பலே வருதில்லை, ஊசிக்கு எங்கை போறது?" என்று சிரித்தான். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவனைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் எங்கள் பண்டத்தரிப்பில் நகை செய்கிற பத்தரிடம் போனேன். முன்பு அம்மா ஒரு பக்கத்துத் தோட்டைத் தொலைத்தபோது, மற்றதைப் பார்த்து அவர்தான் சோடி செய்து தந்தவர். எது பழையது, எது புதியது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அப்படிப்பட்ட கை. ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பத்தர், இதைப் போலை அச்சொட்டாய் ஒண்டு வேணும். ஒரு மயிரிழையும் பிசகக் கூடாது."

"என்ன கண்டறியாத ஊசி தம்பி இது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்கோ."

ஞாயிறு மத்தியானம் ஊசி ஆயத்தமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிண்ணத்தில் பூட்டினேன். பெற்றோலைத் திறந்து, கீழே ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துவிட்டுக் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடதாசியில் ஒரு பொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. ஊசியைக் கழற்றிப் பழையதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பழைய ஊசியின் முனையைச் சுற்றித் தேய்ந்த ஒரு பள்ளம் இருந்தது. புதிய ஊசியிலும் அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே பள்ளம்! மனுசன் தேய்மானத்தையும் சேர்த்துச் செய்து வைத்திருந்தார்.

கிண்ணத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றி ஊன்றி நாலு வீடு தள்ளியிருந்த அவர் பட்டறைக்குப் போய்க் கத்தினேன். "தேஞ்சதையும் ஆரும் செய்வினமே? என்ரை பிழைப்பிலை மண்ணள்ளிப் போட்டிட்டீரே!"

பத்தரின் முகம் சுருங்கிவிட்டது. "நீங்கள்தானே தம்பி அச்சொட்டாய் எண்டு சொன்னனீங்கள்? தோட்டுக்குச் சோடி செய்யேக்கை தேய்மானத்தையும் வைச்சால்தானே சோடி சேரும்? அந்தப் பள்ளத்தை விழுத்தத்தான் எனக்கு ஒரு நாள் போச்சுது."

பிழை என் வாயிலும் இருந்தது.

"சரி பத்தர், தேயாததைப் போலை ஒண்டு செய்து தாரும்."

"தேயாததை நான் காணேல்லையே!"

நானும் கண்டதில்லை. மூன்றாம் கையாக வாங்கிய வாகனம் அது. வந்தபோதே ஊசி தேய்ந்துதான் இருந்திருக்கும். வெளியே வெயில் தணியத் தொடங்கியிருந்தது. ஊசியோடு நானும் இங்கேயே முடிந்தேன் என்று நினைத்தேன்.

பத்தர் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். துளைக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். "உந்த ஊசி போய் இருக்கிற இடத்தை முதலே காட்டியிருந்தால் இவ்வளவு கரைச்சல் இல்லை. கல்லுப் பதிக்கிறவனிட்டைக் கல்லை மட்டும் தந்தால் என்ன செய்யிறது?" புதிதாக ஒரு பித்தளைக் கம்பியை அராவி, முனையைக் கூராக்கி, எண்ணெயில் குழைத்த மெருகுப்பொடியைத் தடவி, துளைக்குள் வைத்து உருட்டினார். எடுத்துப் பார்ப்பார், துடைப்பார், மீண்டும் உருட்டுவார். கடைசியாக ஊசியைத் துளையில் பொருத்திப் பிடித்து, மேலே தண்ணீரை ஊற்றினார். ஒரு துளியும் கீழே வரவில்லை. பொழுது படுகிற நேரத்தில், கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "தம்பிக்குக் கோபம் கூடுதல்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் எட்டரைக்கே கீரிமலையில் நின்றேன். பெரிய டொக்டர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே வாகனத்தடியில் குனிந்து, கிண்ணத்தின் கீழ் விரலைத் தடவி மணந்து பார்த்தார். "பெற்றோல் திறந்தபடியே நிக்கட்டும்" என்றார். கேணியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த சனங்களுக்கு இரண்டு மணித்தியாலம் குத்தினேன். ஒவ்வொரு கைக்கும் இடையில் என் கண் வாகனத்தின் கீழ்தான். மண் காய்ந்தே கிடந்தது. பிறகு அவர் காரின் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் ஓடினேன். உரும்பிராயில் கடைசிக் குழந்தைக்குக் குத்தி முடித்தபோது பின்னேரம் ஐந்து மணி. ஒரு குத்தும் பிழைக்கவில்லை. அழுத பிள்ளைகளைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் அனுப்பினேன்.

டொக்டர் காரின் மேல் கடதாசியை வைத்து இங்கிலீசில் எழுதி நீட்டினார். 'வாகனம் திருப்திகரமாக ஓடுகிறது. நிரந்தரமாக்கலாம்.' அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை.

"என்னைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ ஐயா?"

"உம்மைப் பற்றி எழுத என்ன கிடக்கு?" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். "அது ஓடினால் நீரும் ஓடுவீர்தானே?"

"ஓம் ஐயா" என்று சொல்லிக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். கார் போன பிறகு வாகனத்தில் ஏறி, எஞ்சினைக் கிளப்பத் தேவைக்கு மேலாகவே ஓங்கி உதைத்தேன். நல்ல காலால்தான்.