அம்மாக்கண்ணு கொடுத்த வாக்கு

கஜேந்திரனுக்குக் கொழும்பில் சுங்க உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து அவன் அம்மா அம்மாக்கண்ணுவுக்கு வாய் ஓய்ந்ததில்லை. ராகலை பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், இறங்குவதற்குள் அவருக்கு அந்தச் செய்தி தெரிந்துவிடும். குறை சொல்லவும் முடியாது. புருஷன் போன பிறகு மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைக் கொழுந்து பறித்து அவனைப் படிக்க வைத்தவள். பீற்றிக்கொள்ள அவளுக்கு உரிமை இருந்தது. எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

மருமகள் பிரியந்திக்குத் தாய் இல்லாததால் பிள்ளைப்பேறு மாமியார் இருந்த தோட்டத்து லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளின் ஒரு காம்பரா அறையில், நடந்தது. பால் போதாமல் குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாக் கருவாடு கொடுத்தால் பால் ஊறும் என்பது அங்கே எல்லோரும் நம்பும் வைத்தியம். அம்மாக்கண்ணு ராகலையில் சின்னராசாவின் கருவாட்டுக் கடைக்குப் போனாள். மகன் கதையும் கூடவே போனது.

“கஸ்டம்ஸ்லயா அக்கா?” சின்னராசா தராசைக் கீழே வைத்தான். “அப்ப காசு வேணாங்க. பேரப்புள்ளைக்கு நான் குடுத்ததா இருக்கட்டும்.”

அதன்பிறகு போகும்போதெல்லாம் நல்ல துண்டாக எடுத்து வைத்திருப்பான். ஒருநாள் தன் மச்சானின் ஏற்றுமதிப் பெட்டி கொழும்பில் மாட்டிக்கொண்டதென்று இழுத்தான். வாங்கித் தின்ற வாய் சும்மா இருக்குமா?

“எம்மகன் ஒரு வார்த்தை சொன்னா வந்துரும்” என்றாள். பெட்டிக்குள் என்ன என்று கேட்கவில்லை. மகனிடம் சொல்லவுமில்லை.

கஜேந்திரன் லீவில் வந்து குழந்தையை மடியில் வைத்திருந்தபோது சின்னராசா ஒரு பை நிறையக் கருவாட்டோடு வந்து நின்றான்.

“தம்பி, மச்சான் பெட்டிய விட்டுத் தர்றதா அம்மா வாக்குக் குடுத்தாங்களே.”

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துத் தடுத்து வைத்ததே கஜேந்திரன்தான். அவன் பையைத் தொடாமல் சின்னராசாவை அனுப்பிவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

“கருவாட்டுப் பெட்டிதானேய்யா?” என்றாள் அவள்.

“மேலதாம்மா கருவாடு. அடியில சுறாத் துடுப்பு, கொம்புத் திருக்கையோட செவுள். அனுமதி இல்லாம அதெல்லாம் நாட்ட விட்டுப் போகக்கூடாதுன்னு எத்தனையோ நாடுக சேந்து முடிவு பண்ணியிருக்கு. அந்தத் திருக்கை ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். அடுத்ததுக்கு வருசக்கணக்கா ஆகும். இப்படிப் புடிச்சா அடியோட அழிஞ்சு போயிரும்.”

சின்னராசா கொடுத்த கருவாட்டில் செய்த சுறாப் புட்டைப் பிசைந்து தின்றுகொண்டிருந்த பிரியந்தி கையை எடுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் புட்டை அவித்துக் கொடுத்தது அவள்தான்.

“வெளிய சொல்லிராதய்யா. மானமே போயிரும்.”

“நான் மறைச்சா, கருவாட்ட வாங்கிக்கிட்டுப் பேரம் பேசுனேன்னு அவன் சொல்லுவான். எனக்கு வேலை போயிரும். நானே ஆபீஸ்ல சொல்லிடுறேன். உங்களயும் கேப்பாங்க. உள்ளதச் சொல்லுங்க.”

அவன் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு அவளும் போட்டிருப்பாள். அதில் அவளை வெல்ல ஆளில்லை. அவன் திட்டவே இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் அடுப்படியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் கொழும்புக்குத் திரும்பிய வாரமே, அவனுடைய மேலதிகாரி அவளிடம் பேசவேண்டும் என்று தகவல் வந்தது. லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மட்டும்தான். கஜேந்திரனின் பெருமையை அவள் வாயால் ஆயிரம் தடவை கேட்டவர்கள் அத்தனை பேரும் அன்று குடத்தோடு அங்கே நின்றார்கள்.

“கருவாட்டுக்குக் காசு குடுத்தீங்களா?” அதிகாரி தமிழிலேயே கேட்டார்.

“இல்லீங்க.”

“பெட்டிய விடுறதா உங்க மகன் சொன்னாரா?”

“அவனுக்கு ஒன்னுமே தெரியாதுங்க” என்றாள், வாயைக் கையால் மறைத்தபடி. “நாந்தான் பெருமைக்கு வாயடிச்சேன்.”

“கேக்கல்லம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. அம்மாக்கண்ணு வாயிலிருந்து கையை எடுத்தாள். இரண்டாவது தடவை அவள் சொன்னது லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது.