நாகலாபுரத்தில் இருந்த பெட்டி

சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி கொடுப்பது எங்கள் குடும்பத்தின் வேலை. வேலை என்றால் சம்பளத்துக்கு இல்லை, சேவை. மேலே கண்ணாடி மூடி போட்டு, பிணம் கெடாமல் இருக்கக் கரண்டில் ஓடுமே, அந்த நீளப் பெட்டிதான். நகரியில் எங்கள் வீட்டுப் பக்கத்தில், நான்கு பவர்லூம் ஓடும் ஷெட்டை ஒட்டி, அதற்கென்று ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். என் மாமனார் ஒரு கத்திரி வெயிலில் இறந்தபோது திருப்பதியிலிருந்து பெட்டி வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் நாங்கள் பட்ட பாட்டை என் வீட்டுக்காரர் மறக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் ஒரு பெட்டியை வாங்கிப் போட்டு, யார் கேட்டாலும் இலவசம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு வேலை. பெட்டியின் பக்கத்தில் எழுதியிருப்பது என் நம்பர், அதனால் போன் எடுப்பது நான். உள்ளூர்ச் சாவென்றால் கூடவே போய் நிற்பதும் உண்டு. குட்டியானை வண்டி ஓட்டிப்போய்ப் பெட்டியை இறக்குவது அவர். வயர், பிளக், மோட்டார் எல்லாம் மகன் பார்ப்பான். அவன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன பிறகும் வீடியோ காலில் பார்த்து எந்த வயரை எங்கே மாட்டுவது என்று சொல்லுவான். மகள் அப்பாவோடு போய்ப் பெட்டிக்கு ஒரு பக்கம் கை கொடுப்பாள். திரும்பி வந்ததும் பினாயில் போட்டுக் கழுவுவது நானும் அவளும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குத் திருப்பதி போகும். எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறும் பெட்டிதான்.

ஊரில் எங்களுக்கு மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் மட்டும் கிளம்பும்போது மெல்ல, "தப்பா நெனச்சிக்காதீங்க, வண்டிய எடுத்துக்கினு வராம பஸ்ல வந்துடுங்க" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர் சிரித்துக்கொண்டே, "அவங்க சொல்றதும் நாயம்தானே" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வீட்டில் வைத்த பெட்டியை அந்த வீட்டுப் பிணம் கிளம்பும்வரை எடுக்கமாட்டார். ஒருமுறை பெரிய இடத்துச் சாவு ஒன்றுக்காக, கூலிக்காரர் வீட்டில் இருந்த பெட்டியை எடுத்துத் தரச்சொல்லி ஆட்கள் வந்தார்கள். "ஆ இன்ட்லோ உன்னதி கூடா மனிஷே கதா" என்று தெலுங்கில் ஒரே வரி சொன்னார். அந்த வீட்டில் இருப்பதும் மனுஷன்தானே என்று. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

போன கோடையில் நாகலாபுரத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாள். புருஷன் போய்விட்டார், மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள், அவள் வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றாள். காலையில் என் வீட்டுக்காரரும் என் மகளும் பெட்டியை ஏற்றிக்கொண்டு பிச்சாட்டூர் வழியாகப் போய் வைத்துவிட்டு, பதினொன்றரைக்கெல்லாம் திரும்பி வந்தார்கள். மோர் கேட்டார், கொடுத்தேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "நெஞ்சு ஒரு மாதிரியா கீதுமே" என்றார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். அவர் சொல்லி முடித்ததும் நான் "சரிங்க" என்றேன்.

அழுகை வரவில்லை. இன்றுவரை அது எனக்குப் புரியவில்லை. எத்தனையோ வீடுகளில் பார்த்துப் பார்த்து, அடுத்து என்ன என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நாற்காலிகளை ஓரமாகப் போடச் சொன்னேன். தறியை நிறுத்தச் சொன்னேன். கால் கட்டை விரல்களைச் சேர்த்து நானே கட்டினேன். யாரோ என்னைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினாள், அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

மகன் போனில் வந்தான். அங்கே விடியாத நேரம். "டிக்கெட் பாத்துட்டேம்மா, நாளான்னிக்கு காலைல வந்துடுவேன். நான் வர வரைக்கும் எடுக்காதீங்க. நம்ம பெட்டி கீது இல்ல, அதுல வெச்சிடுங்க. நைனா மொகத்த நான் பாக்கணும்" என்றான்.

நான் "ம்" என்றேன். பெட்டி எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கு நினைவே இல்லை.

மகள்தான் சொன்னாள். "இன்னாம்மா ம்முன்ற? பெட்டி நாகலாபுரத்துல கீது. காலைல நான்தானே ஒரு பக்கம் புடிச்சேன்." கொழுந்தனார் தெரிந்த இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தார். அந்த வெயிலில் எல்லாப் பெட்டிகளும் வெளியே போயிருந்தன. திருப்பதி மார்ச்சுவரி என்று யாரோ ஆரம்பித்தார்கள், அங்கே போடக்கூடாதென்று பெரியவர்கள் கையை உதறினார்கள். "போன் பண்ணி கேளும்மா. அவங்க வீட்டுக்கு ஐஸ் கட்டி நாம வாங்கித் தருவோம்" என்றாள் மகள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, என் போன் அடித்தது. நாகலாபுரத்து அம்மா.

"அக்கா, பெட்டிக்கு அடில தண்ணி நிக்குது. அண்ணன கொஞ்சம் அனுப்புறீங்களா?"

"அவரால இப்ப வர முடியாது. பின்னால ஒரு டியூப் மடிஞ்சிருக்கும், நேராக்கி விடுங்க, தண்ணி போயிடும்" என்றேன்.

"சரிக்கா. பொண்ணு வர நாளான்னிக்கு ஆயிடும் போல கீது. அதுவரைக்கும் பெட்டி..."

"இருக்கட்டும். ஒன்னும் அவசரமில்ல."

எந்த வீட்டுக்கும் நான் சொல்லுவது அதுதான். வாய் பழகியிருந்தது, சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் எதிரே நின்ற மகளின் முகத்தைப் பார்த்தேன். "அய்யோ, இன்னாம்மா சொல்லிட்ட" என்று அவள் போனைப் பிடுங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். திரும்பக் கூப்பிட ஒரு நிமிஷம் போதும். கை எழவில்லை, அவ்வளவுதான்.

கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கண்ணன் வெச்ச ரூலு, அண்ணி அதக் காப்பாத்துறாங்க. யாரும் ஒன்னும் பேசாதீங்க" என்றார். கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாவு வீட்டு வேலை தெரிந்தவள் நான்தானே. "ஐஸ் கட்டி எடுத்துக்கினு வாங்க, மரத்தூளும் வேணும்" என்றேன்.

ஐஸ் கட்டி ஒரு நாளைக்குத் தாங்கியது. மறுநாள் மதியம் அனல் காற்று அடிக்க ஆரம்பித்ததும், இனி வைக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது எனக்கு அவர்களுக்கு முன்பே தெரியும். நாலு மணிக்கு எடுத்தோம். மகன் வைக்க வேண்டிய கொள்ளியைக் கொழுந்தனார் வைத்தார். வழியில் விமானம் மாறுகிற ஊரில் மகன் இருந்தபோது மகள் செய்தி அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.

அடுத்த நாள் காலை வந்தான். பையை வைத்துவிட்டு நேரே தகரக் கொட்டகைக்குப் போய், வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கட்டின புருஷனுக்குக்கூட வைக்காமல் ஊராருக்கு விட்டுக்கொடுத்தவள் என்று எங்கள் சமூகத்து வாட்ஸாப் குழுவில் யாரோ எழுத, கும்பிடு போட்டு நூறு பேர் பதில் போட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. புத்தி மரத்துப்போய்க் கிடந்தவள் பழக்கத்தில் உளறியதற்குப் பெயர் தியாகம் என்கிறார்கள். இதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. மகனுக்கு உண்மை சொன்னால் அவனுக்கு இன்னும் வலிக்கும். சொல்லாவிட்டால், தன்னைவிட ஊரார் எனக்கு முக்கியம் என்று நினைத்துக்கொள்வான். இரண்டில் எது பரவாயில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் நாகலாபுரத்து அம்மா பெட்டியை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டாள். தெருமுனையில் இவர் போட்டோ போட்டுக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறாள். உள்ளே வந்தவள் என் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "அன்னிக்கு போன்லயே சொல்லக் கூடாதாக்கா? அப்பவே அனுப்பியிருப்பேனே!" நான் அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். "என் பொண்ணு வந்து அவங்கப்பன் மொகத்த பாத்துட்டாக்கா. மடில போட்டுக்கினு அழுதா. அதுக்கு நீங்கதான் காரணம், உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றாள். மகன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வெளியே போய், வண்டியிலிருந்து பெட்டியை இறக்க ஒரு பக்கம் பிடித்தான்.

அன்று சாயங்காலம் அவனும் நானும்தான் பெட்டியைக் கழுவினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிராமல் கேட்டான். "நீங்கள்லாம் பாத்தீங்க. நைனா மொகம் எப்பிடிம்மா இருந்துச்சு?"

"தூங்கற மாதிரியே இருந்துச்சுப்பா."

கண்ணாடி மூடியை மூடும்போது போகிற வீட்டிலெல்லாம் நான் சொல்லுவது அதைத்தான். ஒரு நாளுக்கு மேல் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐஸ் எவ்வளவு கரைந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஃபேன் வயர் நனைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கரிசி போட்டபோதுகூட அரிசி கீழே சிந்துகிறதே என்று என் கையைத்தான் பார்த்தேன். அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை.

"நெஜமாவாம்மா?" என்றான்.

"நெஜமாதான்" என்றேன்.