நெற்றிக்கு நாலு விரல் முன்னே

நாட்டில சண்டை முடிஞ்சு சில வருசத்தால, சிலாபத்தில கோயில் மண்டபத்தில ஐகிடோ எண்ட ஜப்பான் தற்காப்புக் கலை பழக்கத் தொடங்கினாங்கள். நானும் மனிசியும் சேர்ந்துதான் போனது. ஆசை அவளுக்கு. நான் காவலுக்குப் போனன் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ.

முதல் பாடமே தூரம்தான். எதிர நிக்கிறவன் நிண்ட இடத்தில கையை நீட்டினால் முட்டக்கூடாது, ஒரு எட்டு வைச்சு வந்தால் முட்டவேணும். அவன் கையை ஓங்கி, கைவிளிம்பை நெற்றிக்கு நேர இறக்குவான். கை இறங்கத் தொடங்கினாப் பிறகுதான் மற்றவர் விலகி உள்ளுக்குப் போகவேணும். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை.

என்ர மனிசி என்னோட நிக்கேக்க அசையவே மாட்டாள். அதே ஆளை ஐஸ் பெக்டரியில வேலை செய்யிற நெட்டையனோட விட்டால், அவன்ர கை இறங்கிற கணக்குக்கு வழுக்கிக்கொண்டு உள்ள போய், அவனை விழுத்திப்போட்டு நிப்பாள். மாஸ்டர் சிங்களத்தில "ஹரி, ஹரி" எண்டுவார், சரியாச் செய்யிறாளாம். அவன் எழும்பிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். எனக்கு வயிறு பத்தியெரியும். அவனில ஒரு குறையும் சொல்லேலாது, நல்ல பொடியன். அதுதான் இன்னும் எரிச்சல்.

பெல்ட் சோதினைக்குச் சோடி ஆரெண்டு மாஸ்டர் கேட்க, அவள் நெட்டையனைக் காட்டினாள். வீட்டை வந்து ஏனெண்டு கேட்டன்.

"நீங்கள் அடிக்கிறேல்லையே," எண்டாள், மீன் கழுவிக்கொண்டு. "நெற்றிக்கு நாலு விரல் முன்னுக்கே கையை நிப்பாட்டுறீங்கள். வராத கைக்கு நான் என்னத்துக்கு விலகுறது?"

உண்மைதான். அவளின்ர முகத்துக்கு நேர என்ர கை போகாது. ஆனா அந்த நேரம் அது நெட்டையனைப் புகழுற கதையாத்தான் எனக்குக் கேட்டது. நாளைக்கு அடிக்கிறன் பார் எண்டு மனசுக்குள்ள கறுவிக்கொண்டு படுத்தன்.

அடுத்த வகுப்பில எட்டு வைச்சு, ஓங்கி, முழுசா இறக்கினன். அவள் விலகேல்லை. எப்பவும் போல என்னைப் பார்த்துக்கொண்டே நிண்டாள். நெற்றியில பட்ட சத்தத்துக்கு மண்டபமே திரும்பினது.

ஐஸ் எடுக்க ஓடினதும் நெட்டையன்தான். அவள் அழேல்லை. நெற்றியைப் பொத்திக்கொண்டு, "நீங்கள்தானே எண்டு நிண்டனான்," எண்டாள்.

வீக்கம் வத்தினாப் பிறகு அவளாவே மாஸ்டரிட்டப் போய்ச் சோடியை மாத்தினாள். சோதினையில நான் ஓங்கினன். அவள் நேரம் தப்பாமல் விலகி, உள்ள வந்து, என்னை விழுத்தினாள். எல்லாரும் கை தட்டினாங்கள், நெட்டையனும்தான். அவனுக்கு விலகிறாள், எனக்கு விலகேல்லை எண்டுதானே நான் எரிஞ்சது. இப்ப அலுமாரிக்கு மேல இருக்கிற டோர்ச்சை எடுக்க நான் கையைத் தூக்கினாலும் அவள் ஒரு எட்டு விலகிறாள்.