போகும் வழியைக் கதவில் எழுதுகிறவள்

வீட்டை விட்டு வெளியே கால் வைக்குமுன் அவள் சமையலறைக் கதவின் பின்பக்கம் எழுதுவாள். எங்கே போகிறாள், எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று தையல் சாக்கட்டியால் மூன்று வரி. நூல்கண்டு வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் அதே மூன்று வரிதான். பதினெட்டு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து அவளுடைய நாத்தனாருக்குச் சலித்துப்போயிருந்தது.

"மாடிக்குத் துணி காயப்போடப் போறியே, அதையும் எழுதிட்டுப் போ," என்பார்.

"சரி அண்ணி," என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். வாய்ச்சண்டைக்கு ஆள் கிடைக்காதது நாத்தனாருக்குப் பெரிய குறை.

மலையேறுகிறவர்களுக்குக் கூடாரமும் முதுகுப்பையும் வாடகைக்கு விடும் கடையில் அவள் தையல்காரி. கிழிந்து வரும் ஒவ்வொன்றையும் எப்படிக் கிழிந்தது என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியில் நூல் கோர்ப்பாள். மலையில் யார் என்ன தப்பு செய்தார்கள் என்பது அவளுக்கு அப்படித்தான் அத்துப்படியானது.

அன்று மலை முகாமிலேயே ஒரு கூடாரத்தைத் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நாத்தனாரும் கடையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை முன்கூட்டியே இரவல் வாங்கிவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பினார். மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள், கதவு கிறுக்கலாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? புறப்படும் அவசரத்திலும் ஈரத்துணியால் மூன்று வரியையும் துடைத்துவிட்டார்.

வேலை முடிந்து இறங்கும்போது மூடுபனி சூழ்ந்தது. பாதை தவறியது. அங்கே செல்போனுக்குச் சிக்னலும் இல்லை. நாத்தனார் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார்.

"ஓடைச் சத்தம் கேக்குது பாரு. அதைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா இறங்கினா ஊர் வந்துடும்."

"ஊர் வராது அண்ணி, செங்குத்துப் பாறைதான் வரும். போன வருஷம் அப்படி இறங்கினவங்க பையை ரெண்டு நாள் தைச்சேன். இங்கயே இருப்போம்."

ஷூவைக் கழற்ற விடவில்லை. வீங்கினால் மறுபடி மாட்ட முடியாது என்று அதன் மேலேயே துணியை இறுக்கிக் கட்டினாள். தரையிலிருந்துதான் குளிர் ஏறும் என்று இலைதழைகளைக் குவித்து, மேலே தன் பையைப் போட்டு உட்காரவைத்தாள். பெரிய பிளாஸ்டிக் பையொன்றில் முகத்துக்கு ஓட்டை போட்டுத் தலைவழியாக மாட்டிவிட்டாள்.

"எனக்குக் குப்பைப் பையா?"

"புதுசுதான் அண்ணி."

பிறகு ஒரு விசிலை எடுத்து, மலையில் ஆபத்துக்கு அடையாளமாக மூன்று முறை ஊதினாள். சற்று நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். மறுபடியும் மூன்று முறை.

"யாருக்கு இது கேக்கப்போகுது?"

"உங்க தம்பி தேடி வருவார். நாலு மணிக்குத் திரும்பிடுவோம்னு எழுதிட்டுத்தானே வந்தோம்."

நாத்தனாருக்கு அந்த ஈரத்துணி நினைவுக்கு வந்தது. துடைத்த கதவைப் பார்த்தால் தம்பிக்கு என்ன தெரியும்? பனியில் இவளும் அல்லவா சேர்ந்து விறைக்கப் போகிறாள்? இன்னும் இரண்டு தடவை விசில் ஊதிய பிறகு சொல்லிவிட்டார்.

"நீ எழுதினதைத் துடைச்சுட்டேன்மா."

"பார்த்தேன் அண்ணி." மூன்று முறை ஊதிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். "அதான் சாப்பாட்டுப் பாத்திர மூடியில எழுதி வச்சேன். வேலை விட்டு வந்ததும் அவர் வேற எங்க பார்க்கப்போறார்?"

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கோவிச்சுக்கிட்டு வராம இருந்துடுவீங்களே."

வலியையும் மறந்து நாத்தனார் சிரித்தார். இத்தனை வருடம் வாயில்லாப்பூச்சி என்று நினைத்திருந்தவள், தன்னை எவ்வளவு நன்றாகப் படித்துவைத்திருக்கிறாள்.

வெளிச்சம் மங்குமுன் கீழிருந்து பதில் விசில் வந்தது. கடை ஆட்கள் இருவரோடு தம்பி ஏறி வந்தார். கையில் அந்த மூடி.

நாத்தனாரின் கால் இப்போது சரியாகிவிட்டது. அவருடைய கைப்பையில் ஒரு விசில் இருக்கிறது. மாடிக்குப் போனாலும் கதவில் எழுதிவிட்டுத்தான் போகிறார். தையல்காரி அதே கடையில் வேலை பார்க்கிறாள். அந்தக் கதவை யாரும் துடைப்பதில்லை.